மூட்டைக்காரர் ஆறு மணிக்குத் தாண்டுவார்

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பின்னால், மேற்கிலிருந்து கிழக்காக இருபத்திரண்டு வீடுகள் பொதுச்சுவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிற எங்கள் ஊத்துக்குழித் தெருவில், முதல் வீட்டு அமலோற்பவம், தன் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வராத ஒரு மத்தியானம், அவள் பத்தாவது படிக்கும்போது அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிவி கேமைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, கேசட்டை வாயருகே வைத்து அந்தக் காலத்து வழக்கப்படி இரண்டு ஊது ஊதிச் செருகியபோது, தலையில் மூட்டையோடு ஒரு குட்டி மனிதர் திரையில் தோன்றி, பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓடி வலது ஓரத்துக்கு வந்து, அங்கே நிற்காமல் அடுத்த வீட்டு டிவிக்குள் போய்விட்டார்.

அடுத்த வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மருமகளை மாமியார் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், மூட்டைக்காரர் இருவர் காலடியிலும் குறுக்கே ஓடி, மருமகளின் பெட்டியைத் தாண்டிக் குதித்து, மூன்றாம் வீட்டுக் கிரிக்கெட் மைதானத்துக்குள் புகுந்தார். நான்காம் வீட்டில் செய்தி, ஐந்தாம் வீட்டில் பிரியாணி செய்முறை, ஆறாம் வீட்டில் ராசிபலன். டிவியை எந்தச் சுவரில் மாட்டியிருந்தாலும், எந்தத் திசை பார்த்து வைத்திருந்தாலும் அவர் கிழக்கே போவதிலேயே குறியாக இருந்தார். நான்கு மணிக்குப் பதினோராம் வீட்டு நூர்ஜஹான் அக்காவின் பெரிய டிவிக்கு வந்து ஓரத்தில் நின்றார். அங்கேயே இரண்டு மணி நேரம் நின்றார்.

ஏனென்றால் பன்னிரண்டாம் வீட்டில் டிவி கிடையாது.

பன்னிரண்டாம் வீடு மாட்டுத் தரகர் வெள்ளக்கண்ணுவுடையது. சரியாக ஆறு மணிக்கு மூட்டைக்காரர் இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து, டிவி இல்லாத அந்த வீட்டுக்குள் ஒரே தாவாகத் தாவினார். டொய்ங் என்று சோகமாக ஒரு சத்தம் கேட்டது. திரையின் மேல் மூலையில் 99 என்றிருந்த எண் 98 ஆனது. மறுநாள் காலையில் அவர் மறுபடி அமலோற்பவம் வீட்டு டிவியில் முதலிலிருந்து தொடங்கினார்.

டிவி கேம் ஆடிய யாருக்கும் அந்த எண் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்கு மிச்சமிருக்கும் உயிர்கள் அவை.

ஒரு வாரத்தில் தெரு அவருக்குப் பழகிவிட்டது. அவர் வரும் நேரத்தில் மின்சாரம் போனால் மின் வாரியத்துக்கு நான்கு பேர் போன் செய்தார்கள். கேபிள்காரர் வந்து, இந்த ஆள் எந்த பேக்கேஜில் வருகிறார் என்று விசாரித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார். 'மூட்டைக்காரர் வரும் வீடு' என்று எழுதி வாடகைக்குப் பலகை மாட்டினார்கள், வாடகையையும் கூட்டினார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தினமும் வாக்குவாதம் நடந்தது. ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர் துணி என்றார், அரிசி மண்டிக்காரர் புழுங்கல் அரிசி என்றார், மகன் வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் தைலமும் சோப்பும் என்றார்கள்.

இதெல்லாம் மேற்கே இருந்த பதினோரு வீட்டுக்காரர்களின் சந்தோஷம். நான் பதினைந்தாம் வீடு. வெள்ளக்கண்ணுவுக்குக் கிழக்கே இருந்த எங்களில் ஒருவர் டிவிக்கும் மூட்டைக்காரர் வந்ததில்லை. நூர்ஜஹான் அக்கா வீட்டில் போய்ப் பார்க்கலாம்தான், டீயும் கொடுப்பார். ஆனால் அடுத்தவர் வீட்டில் போய்ப் பார்ப்பது பார்த்ததில் சேராது. எனக்கு வயிற்றெரிச்சல். அதை மறைப்பதற்கில்லை.

கூட்டமாகப் போய்க் கேட்டோம். வெள்ளக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். நாற்பது வருடத் தரகர், அறுபத்தெட்டு வயது. மாட்டைத் தவிர மற்றதையும் மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போனால்கூட அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பயப்படுவார்கள்.

"மாமா, உங்க வீட்ல தெனம் ஒரு உசுரு போகுது" என்றாள் அமலோற்பவம்.

"நானா புடிச்சுத் தள்றேன்?"

"ஒரு டிவி வாங்கி வச்சா போதும். காசு நாங்க போடறோம்."

"இந்த வீட்ல டிவி வராது, தாயி. வேற பேச்சிருந்தா பேசுங்க."

காரணம் எங்களுக்குத் தெரியும். அவர் மனைவி தங்கப்பொண்ணுக்கு டிவி என்றால் உயிர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்து பார்க்கத் தொடங்கினால் பத்தாம் நிமிடம் தூங்கிவிடுவார். வெள்ளக்கண்ணு எழுந்துபோய் டிவியை அணைத்தால், கண்ணைத் திறக்காமலே, "அணைக்காதீக, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். முப்பது வருடம் அவர்கள் வீட்டில் இந்த ஒரு சண்டைதான். அந்த அம்மாள் இறந்த மூன்றாம் நாள், டிவியைத் தெருக்கோடி டீக்கடைக் கோவிந்தராசுவுக்கு வெள்ளக்கண்ணு விற்றுவிட்டார். ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

ரிமோட்டை ஏன் கொடுக்கவில்லை என்றால், எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றை விற்க மாட்டார்கள். விற்றவர் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார், வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். மாடு போனாலும் வீட்டின் லட்சுமி கயிற்றோடு தங்கட்டும் என்று ஒரு நம்பிக்கை. வெள்ளக்கண்ணு வீட்டு நடையில் அவர் விற்ற சொந்த மாடுகளின் கயிறுகள் வரிசையாக ஆணியில் தொங்கும். கடைசி ஆணியில் ஒரு நூலில் கட்டி அந்த ரிமோட். கோவிந்தராசு ஆறு வருடமாக ஒரு வேப்பங்குச்சியால் டிவி பட்டனைக் குத்திக் குத்தித்தான் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆகவே நாங்கள் திரும்பி வந்தோம். எண் தொண்ணூறானது, எழுபதானது, நாற்பதானது. ஆறு மணிக்கு நூர்ஜஹான் அக்கா வாசலில் கூட்டம் நிற்கும், அமலோற்பவம் சிலுவை போடுவாள், டொய்ங் என்றதும் எல்லோரும் பன்னிரண்டாம் வீட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். வெள்ளக்கண்ணு அந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார் என்று பிற்பாடு தெரிந்தது.

எண் ஆறு ஆனபோது சென்னையிலிருந்து நிரஞ்சன் வந்தார்.

நிரஞ்சன் பழைய வீடியோ கேம் சேகரிப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். முகநூலில் யாரோ போட்ட படத்தில் அமலோற்பவத்தின் கேசட்டைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் காலை ரயிலைப் பிடித்து வந்துவிட்டார். உலகத்திலேயே இந்தக் கேசட் மூன்றுதான் மிச்சம் என்றார். பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார், பூதக்கண்ணாடியை எடுத்தார், கேசட்டை மோந்து பார்த்தார்.

"அட்டைப் பெட்டி இருக்கா மேடம்?"

"குடில் பொம்மை போட்டு வச்சிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கால் இல்ல."

பெட்டியைப் பார்த்ததும் நிரஞ்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், கால் போன ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் அவரே மரியாதையாக ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

அமலோற்பவத்துக்கு விற்க மனமில்லை, விற்காமலும் முடியாது. அவளுடைய ஜெராக்ஸ் மிஷின் ஒரு வருடமாக எல்லோர் முகத்தையும் கரியாக்கிக்கொண்டிருந்தது. அவள் கடையில் எடுத்த ஆதார் நகலைக் கொண்டுபோனால் தாலுகா ஆபீசில் ஆளை நம்ப மறுத்தார்கள். புது மிஷின் வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அந்தக் கடையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. இது தெருவுக்கே தெரியும், அதனால் விற்காதே என்று ஒருவரும் சொல்லவில்லை. சென்னைக்குப் போனால் மூட்டைக்காரரின் உயிராவது தப்பும் என்று நூர்ஜஹான் அக்கா சமாதானம் சொன்னார்.

எங்கள் தெருவில் ஒரு பொருளுக்கு விலை வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். வெள்ளக்கண்ணுவைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்து கேசட்டைத் திருப்பிப் பிடித்து, அடியில் தெரிந்த மஞ்சள் நிறத் தகடுகளை மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பல்லு தேயல. நல்லா தீனி தின்ன உருப்படி" என்றார். மாட்டு உடம்பில் முடிச்சுழி எண்ணுவதுபோல் பின்பக்கத்து ஸ்க்ரூக்களை எண்ணினார். "சுழி நாலு. நாலும் சுத்தம். பாடைச் சுழி இல்ல, வாங்குறவனுக்குக் கேடில்ல."

"ஸ்க்ரூ ஒருதடவைகூடத் திறக்கல சார், அதான் விசேஷம்" என்றார் நிரஞ்சன், அவரும் அதையே வேறு பாஷையில் சொல்வதுபோல. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போனது. ஒரு மணி நேரம் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தக் கேசட்டைப் பார்த்தார்கள்.

"குத்தத்தையும் சொல்லிரணும் தம்பி" என்றார் வெள்ளக்கண்ணு. "உருப்படி கொட்டில்ல நிக்காது. காலையில மேயப் போகும். ஆறு மணிக்கு ஒரு எடத்துல விழுகும். இன்னும் ஆறு விழுகைதான் தாங்கும்." எங்கே விழும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, எல்லோரும் விட்டத்தைப் பார்த்தோம்.

பிறகு தோள் துண்டை எடுத்துத் தன் கைமேலும் நிரஞ்சன் கைமேலும் போட்டார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுதான் சந்தை வழக்கம், வாயால் பேசினால் நாலு பேர் கெடுத்துவிடுவார்கள். நிரஞ்சனுக்குப் பழக்கமில்லை, முதலில் கூச்சத்தில் நெளிந்தார். துண்டு மேலே கீழே அசைந்தது. ஒருமுறை நிரஞ்சன் ஐயோ என்றார், ஒருமுறை வெள்ளக்கண்ணு கையை உதறிவிட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். எவ்வளவுக்கு முடிந்தது என்பது துண்டுக்குள் நடந்த விஷயம், எனக்குத் தெரியாது. அமலோற்பவம் தொகையைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் நிரஞ்சன் கேமையும் கேசட்டையும் கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் பூந்துவாலையில் சுற்றினார். அப்போது வெள்ளக்கண்ணு, கேமோடு வந்த கைப்பிடியை, பட்டன்கள் உள்ள அந்த வயர் போட்ட கட்டையை, பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சார், அது..."

"கயிறு தம்பி. கயிறு விக்கிறது இல்ல. புதுசு நீங்கதான் கொண்டாரணும்."

நிரஞ்சன் கொஞ்சம் யோசித்து, அதுபோல் பதினான்கு தன்னிடம் இருக்கிறது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெள்ளக்கண்ணு வயரைக் கொண்டுபோய்க் கயிறுகளின் வரிசையில் ரிமோட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். வேண்டுமென்று செய்ததில்லை. நாற்பது வருடக் கை, அது பாட்டுக்குச் செய்தது.

மாலை நான்கு மணிக்கு நூர்ஜஹான் அக்கா வாசலுக்கு ஓடிவந்து, "மூட்டைக்காரர் இங்கதான் நிக்கிறாரு" என்றார்.

தெருவே கூடிவிட்டது. அதே இடத்தில், அதே மூட்டையோடு, வலது ஓரத்தில் நின்றார். மேல் மூலையில் எண் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது, மிச்ச உயிர்கள் கேசட்டோடு போய்விட்டன. மேற்கே அமலோற்பவம் வீட்டில் கேம் இல்லை, கேசட் இல்லை, மறுபடி தொடங்க அவருக்கு ஓர் இடம் இல்லை. ஐந்தரை மணிக்கு நிரஞ்சனிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்குப் போய்க் கேசட்டைப் போட்டாராம். ரோடு வருகிறதாம், மரம் வருகிறதாம், பள்ளம் வருகிறதாம், ஆளைக் காணோமாம்.

வெள்ளக்கண்ணு போனை வாங்கினார். "தம்பி, வித்த மாடு திரும்பி வந்திருச்சு. தப்பு என்னோடது, கயிறு எங்கிட்ட இருக்கையில அது எப்படி அங்க வரும். ஓட்டியாந்து விட வேண்டியது என் பொறுப்பு. நான் புடிச்சுக் குடுத்த உருப்படி எதுவும் இதுவரைக்கும் ஏமாத்தினதில்ல."

போனைக் கொடுத்துவிட்டு டிவி எதிரே வந்து நின்றார். ஏறக்குறைய நூறு நாளில் அன்றுதான் முதல்முறையாக மூட்டைக்காரரை நேருக்கு நேர் பார்த்தார். பல்லைப் பார்க்கவில்லை, சுழியைப் பார்க்கவில்லை. "எவ்வளவு களைச்சிருக்கான்" என்றார்.

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். மணி ஐந்து நாற்பது.

அவர் வெளியே நடந்தார். பிறகு ஓடினார். அறுபத்தெட்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருக்கோடி டீக்கடை வரை ஓடினார். கோவிந்தராசுவிடம், "என் தங்கப்பொண்ணு டிவியக் குடு" என்று மட்டும் சொன்னார்.

கோவிந்தராசு இருபத்திரண்டாம் வீடு, எங்கள் பக்கத்து ஆள், மூட்டைக்காரருக்காக நூறு நாள் ஏங்கியவர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டிவியைக் கழற்றித் தூக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குச்சியை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "டிவிதாண்ணே போகுது. குச்சி என்னோடது."

கயிறு கொடுக்காத வழக்கத்தை மீறிக் குச்சியையும் கேட்க வெள்ளக்கண்ணுவுக்கு வாய் வரவில்லை. விலை பேசும் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அந்தக் கனத்த டப்பா டிவியை அதன்மேல் ஏற்றிக்கொண்டு மேற்கே ஓடிவந்தார். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தைத் தாண்டினார், படுத்திருந்த நாயைத் தாண்டினார், யாரோ காயவைத்திருந்த மிளகாயைத் தாண்டினார். தலையில் சுமையோடு ஒரு மனிதர் தாண்டித் தாண்டி வருவதை நாங்கள் நூறு நாள் டிவியில் பார்த்திருந்ததால், எல்லோரும் தானாகவே வழிவிட்டு ஒதுங்கினோம். அரிசி மண்டிக்காரர் வாய்விட்டே அழுதார்.

டிவியை அவர் வீட்டுக் கூடத்தில் வைத்துச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. ஆறு வருடக் குத்தில் பட்டன் உள்ளே போயிருந்தது, குச்சி இருந்தால்தான் எட்டும். குச்சியோடு கோவிந்தராசு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ரிமோட்டு" என்றாள் அமலோற்பவம்.

ஆணியிலிருந்து எடுத்தார். பேட்டரி ஆறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனது. நூர்ஜஹான் அக்கா தன் வீட்டு இரட்டைப் பேட்டரிச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். கடிகாரம் மூன்று நிமிடம் குறைய ஆறில் நின்றுவிட்டது, ஆகவே அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கையில் போன் இருந்தது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பழைய ரிமோட் வேறு அளவு பேட்டரி கேட்கவில்லை, அந்தமட்டுக்குப் புண்ணியம்.

சிவப்புப் பட்டன் தங்கப்பொண்ணின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து நிறமில்லாமல் இருந்தது. வெள்ளக்கண்ணு அதன்மேல் தன் விரலை வைத்தார், ஆனால் அமுக்க முடியவில்லை. பயந்தார். அந்த டிவி ஓடினால் பாயில் அவள் இல்லாதது தெரிந்துவிடும், அதனால்தான் விற்றேன் என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டிலிருந்து, "பின்னால போறாரு" என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளக்கண்ணு அமுக்கினார்.

திரை வெளுத்தது. இடது ஓரத்திலிருந்து மூட்டைக்காரர் பறந்துவந்து, தடுமாறி, முழங்காலில் விழுந்து, எழுந்து நின்றார். டொய்ங் கேட்கவில்லை. மேல் மூலையில் பூஜ்யம் அப்படியே இருந்தது, சற்று நேரம் கழித்து அதுவும் அழிந்துபோனது.

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு தலையிலிருந்த மூட்டையை இறக்கினார். துணியா அரிசியா தைலமா என்று இத்தனை நாள் அடித்துக்கொண்ட அத்தனை பேரும் கழுத்தை நீட்டினோம். அவர் அதை அவிழ்க்கவில்லை. தரையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டி, நடுவில் ஒரு குழி செய்து, அதில் தலையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அது தலையணை.

நிரஞ்சன் மறுபடி போன் செய்தார், நான்தான் எடுத்தேன். மூச்சு வாங்கப் பேசினார். ஆளே இல்லாத கேசட் உலகத்தில் இது ஒன்றுதானாம். குறை உள்ள உருப்படிக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு அதிகமாம், விலை மூன்று மடங்கு ஆகிவிட்டதாம். தயவுசெய்து யாரும் யாரையும் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அதை வெள்ளக்கண்ணுவிடம் சொன்னேன். "சுழி கெட்ட மாட்டுக்கு வெல கூடவா" என்று கேட்டுவிட்டு, என்ன ஊரோ என்பதுபோல் கையை விரித்தார். பாயை விரித்து, சும்மாடாக இருந்த துண்டைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார்.

கோவிந்தராசு குச்சியோடு வந்து எட்டிப்பார்த்து, "எங்க பக்கம் எப்ப வருவாராம்?" என்றார். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். தூங்குகிறவர்களை எழுப்பாதீர்கள் என்று நூர்ஜஹான் அக்கா எங்களை வாசலுக்குத் தள்ளினார். டிவி முன்னால் மூட்டைக்காரரைப் போலவே ஒருக்களித்துப் படுத்து வெள்ளக்கண்ணு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், ரிமோட் கையிலிருந்து நழுவிக் கிடந்தது. வீணாக ஓடுகிறதே என்று அக்கா அதை எடுத்துச் சிவப்புப் பட்டனில் விரலை வைத்தார்.

குறட்டை நின்றது.

"அணைக்காத தாயி" என்றார் வெள்ளக்கண்ணு, கண்ணைத் திறக்காமலே. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."